மூட்டில்லாத வளையம்

ஆறாவது வில்லையும் உடைந்திருந்தது.

மலர்விழி உலையிலிருந்து பீங்கான் குழாயை வெளியே இழுத்து, அதன் நுனியில் உட்கார்ந்திருந்த வில்லையை நகத்தால் மெல்லத் தட்டிப் பார்த்தாள். முழுசான வில்லை என்றால் கணீரென்று ஒரு சின்னச் சத்தம் வரும். இது பொத்தென்றது. எட்டணாக் காசு அகலம், கறுப்பு நிறம். இரண்டு வாரம் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து அவள் வழவழப்பாக்கிய பரப்பின் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. அடியில் ஒட்டியிருந்த தங்க வளையம் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் அது இன்னும் இரண்டாகப் பிரியாமல் இருந்தது.

அழுகை வரவில்லை. முதல் வில்லைக்கு அழுதிருக்கிறாள். மூன்றாவதற்கு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. இப்போது வந்தது வெறும் எரிச்சல்தான். அந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது என்று தெரியாததால் ஆய்வகத்துக் கதவை ஓங்கிச் சாத்தினாள். அதுவும் காற்றுக்குத் தானாகத் திறந்துகொண்டது.

2001 டிசம்பர் மூன்றாம் தேதி. முப்பத்தொன்றாம் தேதியோடு அவளுடைய ஆராய்ச்சிப் பதிவு முடிகிறது. ஒரு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. இன்னொரு முறை கிடையாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால், ஆறு வருடம் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கும் ஊருக்கு வெளியே இருந்த இந்தக் கல்லூரிக்கும் இடையே அவள் போய் வந்தது வெறும் போக்குவரத்து, அவ்வளவுதான்.

அந்த வில்லை செய்ய வேண்டிய வேலையைச் சொல்வது எளிது. லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட், இரும்பு இவற்றின் தூள்களைக் கலந்து, அழுத்தி, சுட்டு எடுத்த கல் அது. பெரோவ்ஸ்கைட் வகை என்பார்கள். தொள்ளாயிரம் டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் உடம்புக்குள் இருக்கும் ஆக்சிஜனில் கொஞ்சம் எழுந்து வெளியே போய்விடும். காலியான இடத்துக்குப் பக்கத்து ஆக்சிஜன் நகரும். அதன் இடத்துக்கு அதற்கடுத்தது. வத்தலக்குண்டு டவுன் பஸ்ஸில் ஒருவர் எழுந்ததும் நிற்கிறவர் உட்கார்வது மாதிரி. இப்படி இடம் மாறி மாறியே ஒரு பக்கத்துக் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் கல்லைக் கடந்து மறுபக்கம் வந்துவிடும். காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் நைட்ரஜனுக்கு அந்த பஸ்ஸில் இடம் இல்லை. ஓட்டையே இல்லாத சல்லடை.

ஆனால் அந்தக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் சூடுபடுத்தினால் விரியும், அது எல்லோருக்கும் தெரியும். இது அதோடு நிற்காது. ஆக்சிஜனை இழக்க இழக்க இன்னும் விரியும். இழந்தால் வற்றிப்போவதைத்தான் மலர்விழி எங்கும் பார்த்திருக்கிறாள். இது இழந்து பெருத்தது. முதல் வருடம் அதைப் படித்தபோது அவளுக்கு அந்தக் கல்லின் மேல் ஒரு மரியாதையே வந்தது. இந்தக் குணத்தை வைத்துத்தான் ஒவ்வொரு உடைசலுக்கும் விளக்கம் சொல்வார்கள் என்று அன்று தெரியாது.

"என்னம்மா, ஆச்சா?"

வழிகாட்டிப் பேராசிரியர் சுருளிவேல் வாசலில் நின்றார். ஐம்பத்திரண்டு வயது. குரலை உயர்த்த மாட்டார், யாரையும் காக்க வைக்க மாட்டார், பெண் பிள்ளைகளை மாலை ஐந்து மணிக்கு மேல் இருக்க விடமாட்டார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மலர்விழிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உடைஞ்சிருச்சு சார்."

"எத்தன டிகிரியில?"

"எண்ணூறு வரைக்கும் மறுபக்கம் நைட்ரஜனே வரல சார். அதுக்கு மேல கசிய ஆரம்பிச்சுச்சு. அப்புறம் ஒரேயடியா."

"எக்ஸ்பான்ஷன்." அவர் வில்லையைப் பார்க்கக்கூட இல்லை. "குழாய் எட்டுப் பங்கு விரியிற எடத்துல உன் வில்ல பதினெட்டுப் பங்கு விரியுது. ரெண்டும் ஒத்துப்போகலேன்னா ஒடையத்தான செய்யும்? புருசன் பொண்டாட்டியே ஒடையிறாக."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கல்யாணம் ஆகாத இருபத்தொன்பது வயதுப் பெண்ணிடம் சொல்கிறோமே என்று பிறகு தோன்றியிருக்க வேண்டும், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நிமிசத்துக்கு ஒரு டிகிரிதான் சார் ஏத்துனேன்."

"அரை டிகிரி ஏத்தியிருக்கணும். பொறும பத்தலம்மா ஒனக்கு."

ஐந்தாவது வில்லைக்கு அரை டிகிரிதான் ஏற்றினாள். அதை அவள் ஏட்டில் எழுதியதற்கு அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"சரி, மனசத் தளர விடாத. ஒடஞ்சதையே எழுதிரு. இந்தப் பொருள் இந்த வேலைக்கு நிக்காது, விரிவு ஒத்துப்போகல, இதுதான் காரணம். அதுவும் ஒரு முடிவுதான? போன வருசம் கருத்தரங்கத்துல நம்ம பேப்பர்லயும் அதத்தான் போட்டுருக்கோம். ஆறு வில்லையையும் வரிசையா வச்சு ஒரு போட்டோ எடு. நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

அவர் போன பிறகும் மலர்விழி அங்கேயே நின்றாள். வழி கிடைத்துவிட்டது. பட்டம் வந்துவிடும். தோற்றுப்போனதை எழுதி ஜெயிக்கலாம். பிறகு ஏன் மனம் ஒப்பவில்லை? விரிவு ஒத்துப்போகவில்லை என்பது உண்மைதான். அதுதான் காரணம் என்பதை மட்டும் யாரும் நிரூபிக்கவில்லை. அவளும் நிரூபிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் உடைந்ததும் அந்தச் சொல் தயாராக நாக்கில் வந்து நின்றது, அவளும் அதை ஏட்டில் எழுதிவிட்டு அடுத்த வில்லையை அழுத்தப் போனாள். அவர் சொன்னதற்காக மட்டுமா? இல்லை. தன் கையில் தப்பில்லை, கல்லின் குணம் அப்படி என்று சொல்வதில் அவளுக்கும் ஒரு சௌகரியம் இருந்தது.

வீட்டில் தண்ணீர் வந்த நாள் அது. பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை வரும் தண்ணீர். அம்மா செபாஸ்தியம்மாள் குடம், அண்டா, சோற்றுச் சட்டி என்று மூடி போட முடிந்த எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிட்டு, ஈரப் புடவையோடு கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"இதுவும் போச்சா?"

"போச்சு."

"ஊர்ல பொம்பளைக தங்கத்தக் கழுத்துல போடுவாளுக. நீ அடுப்புல போடுற. வேற என்ன ஆகும்?"

அந்தத் தங்கம் மலர்விழியின் ஞானஸ்நானத்துக்குத் தாய்மாமன் போட்ட காப்பு. வில்லையைக் குழாயின் நுனியில் காற்றுப் புகாமல் உட்கார வைக்க இடையில் ஒரு வளையம் வேண்டும். சூட்டில் இளகி இரண்டையும் கவ்விக்கொள்ள வேண்டும், ஆனால் உருகி ஓடக் கூடாது, வில்லையோடு வேதிவினையும் புரியக் கூடாது. தங்கத்தைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் அமையவில்லை. துறையில் கேட்டாள். கொள்முதல் விதிகளில் தங்கம் இல்லை என்று பதில் வந்தது. கண்ணாடிக் குடுவை வாங்கலாம், அமிலம் வாங்கலாம், தங்கம் வாங்கினால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? ஆறு மாதம் நடந்த கடிதப் போக்குவரத்து அதோடு முடிந்தது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவும் அவளும் காப்பை எடுத்துக்கொண்டு பொன்னழகு ஆசாரியிடம் போனார்கள்.

அவர் காப்பை அமிலத்தில் போட்டுச் செம்பையும் வெள்ளியையும் பிரித்து, சொக்கத் தங்கமாக்கி, கம்பி இழுத்து, ஆறு வளையம் செய்து கொடுத்தார். இரண்டு நாள் வேலை. இரண்டு நாளும் அம்மா அவருக்கு எதிரே மணைக்கட்டை போட்டு உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். தாய் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று அவளுக்கு அவள் அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மலர்விழிதான் வெட்கப்பட்டாள்.

ஏழாம் தேதி மலர்விழி போட்டோவுக்கு ஏற்பாடு செய்தாள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மருந்து டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு வைத்திருந்த ஆறு உடைசல்களையும் எடுத்து வரிசையாக வைத்தாள். எல்லாவற்றிலும் வளையம் ஒட்டியே இருந்தது. படத்தில் பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று விரிசலின் அகன்ற முனை மேற்பக்கம் வரும்படி ஒவ்வொன்றையும் திருப்பினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது போல. ஆறாவதைத் திருப்பி வைத்துவிட்டுக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு போனவள், அப்படியே இறக்கினாள்.

ஆறு வளையத்திலும், மேற்பக்கம், அதே இடத்தில் ஒரு சின்னக் குழி.

குனிந்தாள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். கடுகில் பாதி இருக்கும். அந்த இடத்தில் தங்கம் உருகி வழிந்து, கறுத்து, கல்லைத் தின்றிருந்தது. வளையத்தின் மற்ற பாகம் முழுக்க மஞ்சளாய், வழவழவென்று இருந்தது. ஒரு வளையத்துக்கு ஒரே ஒரு குழி. விரிசல் ஒவ்வொன்றும் அந்தக் குழியிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

விரிவு ஒத்துப்போகாமல் உடைந்தால், விரிசல் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆறு வில்லையும் கலந்து பேசிக்கொண்டு ஒரே மாதிரி இடத்தில் தொடங்காது. ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் மூடி வைத்ததால், இரண்டு வருடத்தில் ஒரு நாளும் அவள் இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. பார்க்க மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே நகைக்கடைச் சந்தில் பொன்னழகு ஆசாரியின் பட்டறைக்குப் போனாள். முன்னால் இரண்டு பேர் தாலிக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும் வரை நின்றாள்.

"வாங்க தாயி. செபாஸ்தியம்மா மகதான? மூக்குத்தியா?"

அவள் காகிதத்தைப் பிரித்து ஆறையும் அவர் முன்னால் வைத்தாள். ஆசாரி ஒன்றைக் குறட்டால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறியது.

"இது நான் செஞ்சதா? என்ன தாயி இது கோலம்? எந்த அடுப்புல விழுந்துச்சு?"

"விழுகல. நாந்தான் போட்டேன். இந்தக் குழி எதனால வந்துச்சுன்னு சொல்லுங்க."

"அது மூட்டு."

"என்ன மூட்டு?"

"கம்பிய வளச்சா ரெண்டு முனையும் சேரணும்ல? பொடி வச்சு ஊதித்தான் சேக்கணும். பொடி வைக்காம வளையம் ஏது தாயி?"

"சொக்கத் தங்கம்னு சொன்னீங்களே!"

"சொக்கந்தான். இப்பயும் சத்தியம் பண்ணுவேன். கம்பி சொக்கம். பொடி பொடிதான. செம்பு, வெள்ளி, இப்பெல்லாம் கேடியம். தங்கம் உருகுறதுக்கு முன்னாடி பொடி உருகுனாத்தான ஒட்டும்? ரெண்டும் ஒண்ணா உருகுனா நகையே போயிரும்ல. ஒரு குண்டுமணியில நூத்துல ஒரு பங்கு. என் சொந்தப் பொடி. எடையில அத நான் சேக்கக்கூட இல்ல."

"கண்ணுக்கே தெரியலையே மூட்டு?"

ஆசாரி அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபம் இருந்தது. "தெரிஞ்சா அது வேலையா?"

மலர்விழி வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். எண்ணூறு டிகிரி. பொடி உருகும் சூடு. அதில் இருக்கும் செம்பும், ஆசாரி கேடியம் என்று சொன்ன காட்மியமும் கல்லுக்குள் இறங்கி, அந்த ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டு, ஓட்டையிலிருந்து விரிசல். ஐந்தாவது வில்லையோ, அரை டிகிரியில் மெதுவாக ஏற்றியதால் அந்தச் சூட்டில் அதிக நேரம் இருந்து, எல்லாவற்றையும்விடப் பெரிய குழியோடு உடைந்திருந்தது. பொறுமை கூடக் கூட மோசமாகியிருக்கிறது.

கோபால்ட்டைக் குறைத்தாள், இரும்பைக் கூட்டினாள், அழுத்தத்தை மாற்றினாள், குழாயை மாற்றினாள். வளையத்தை மட்டும் மாற்றவில்லை. தங்கத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அம்மாதான் இரண்டு நாள் உட்கார்ந்து காவல் காத்தாளே. அவர் எடுக்கிறாரா என்று பார்த்தாள். எதையாவது சேர்க்கிறாரா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பொடி வைத்து ஊதியதையும் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். ஊதாமல் நகை ஏது?

"ஒங்கம்மா அன்னைக்கு, பிள்ளைகளுக்குக் காதுக்குன்னுல்ல சொல்லுச்சு?" என்றார் ஆசாரி. "ஆறு வளையம், மூணு சோடி, மூணு பிள்ளைகன்னு நான் நெனச்சுக்கிட்டேன். அடுப்புக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பொடி வச்சிருப்பனா? தகடு அடிச்சு, தாலிப் பொட்டு வெட்டுற மாதிரி வட்டமா வெட்டி, நடுவுல தொளச்சுக் குடுத்துருப்பேன். மூட்டே இருக்காது."

அன்று அவர், "எந்தப் பிள்ளைக்கு?" என்று கேட்டதும், அம்மா சட்டென்று, "நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் ஆசாரியாரே, காதுக்கு" என்று சொன்னதும் மலர்விழிக்கு நன்றாக நினைவிருந்தது. பொண்ணு தங்கத்தை நெருப்பில் போடுகிறாள் என்ற பேச்சு அந்தச் சந்தைத் தாண்டினால் எந்த மாப்பிள்ளை வீடு வரும்? அதுதான் அம்மாவின் கணக்கு. மலர்விழி பக்கத்திலேயே நின்றாள். திருத்தவில்லை. 'ஆராய்ச்சிக்கு' என்று சொன்னால், 'என்ன ஆராய்ச்சி' என்பார். பிறகு அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவர் சிரிப்பார். அம்மாவின் பொய் அன்று அவளுக்கு நிழலாக இருந்தது. அம்மாவைக் குறை சொல்ல நாக்குத் துடித்தது இப்போது. ஆனால் சொல்லாமல் விட்ட வாய் அவளுடையதுதான்.

"இந்த ஆறையும் அழிச்சு, திரும்பச் சொக்கமாக்கி, தகட்டுல வெட்டி ஒண்ணே ஒண்ணு செஞ்சு தாங்க ஆசாரியாரே. தொள்ளாயிரம் டிகிரியில ரெண்டு நாள் இருக்கணும். பொடி, வெங்காரம், ஒண்ணும் படக் கூடாது."

"ரெண்டு நாளா?" ஆசாரி புருவத்தைத் தூக்கினார். "ஒங்கம்மா வந்து காவலுக்கு ஒக்காருமா?"

"வராது."

"அப்ப சீக்கிரமே முடிஞ்சிரும். புதங்கெழம வாங்க."

அம்மாவிடம் சொன்னபோது அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு, "அப்ப ரெண்டு வருசமும் என் வாயாலதான் போச்சா?" என்றாள்.

"நானும் பக்கத்துலதான நின்னேன்."

"நீ படிச்சவ. ஒனக்குத் தெரிய வேணாமா?"

அது கேள்வி இல்லை. மலர்விழிக்குச் சுருக்கென்றது. மறுபடி முறம் படபடத்தது.

அவளிடம் ஒரே ஒரு வில்லை மிச்சமிருந்தது. பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை, புது வளையத்தை வைத்து உலையை மூட்டினாள். அதே நிமிடத்துக்கு ஒரு டிகிரி. வேண்டுமென்றேதான் அதே வேகம். சுருளிவேல் எட்டிப் பார்த்து, "எதுக்கும்மா மறுபடி? எழுத வேண்டிய நேரம் இது" என்றார். "ஒரே ஒரு தடவ சார்" என்றாள். காரணத்தை அவள் சொல்லவில்லை. ஆறு முறை உடைத்தவள் ஏழாவது முறை வாயைத் திறக்கக் கூடாது என்று தோன்றியது.

கல்லின் மறுபக்கம், வருவதை வாரிக்கொண்டு போக ஆர்கான் வாயு ஓடும். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கருவியின் ஒரு பேனா காகிதத்தில் கோடாக வரையும். ஆக்சிஜனுக்கு ஒரு மேடு, அதற்கப்புறம் நைட்ரஜனுக்கு ஒரு மேடு. சனிக்கிழமை காலை அவள் வந்தபோது உலை தொள்ளாயிரத்தில் நின்றது. அந்த வாயுவில் கொஞ்சம் எடுத்துக் கருவிக்குள் செலுத்திவிட்டுப் பேனாவின் எதிரே நின்றாள். ஆக்சிஜனின் மேடு எழுந்து இறங்கியது. நைட்ரஜன் வர வேண்டிய நேரம். பேனா நடுங்காமல் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருந்தது. காகிதம் ஒரு சாண் நகர்ந்த பிறகும் நேர்கோடுதான்.

மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பச் செலுத்தினாள். மறுபடி நேர்கோடு. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குமாக இருபத்திரண்டு முறை செலுத்தினாள். பூசைக்குக்கூடப் போகவில்லை. ஒரு சதுர சென்டிமீட்டர் கல்லின் வழியாக நிமிடத்துக்கு முக்கால் மில்லி ஆக்சிஜன், ஒரு சொட்டு நைட்ரஜன் இல்லாமல், வந்துகொண்டே இருந்தது. இது நிற்காத பொருள் என்று கருத்தரங்கில் வாசிக்கப்பட்டு, அவள் பெயரும் அச்சேறியிருந்த அதே கல்.

சந்தோசமாக இருக்க வேண்டிய நேரம். அவளுக்கு வந்ததோ கோபம். இம்புட்டுத்தானா? இந்த நேர்கோடு இரண்டு வருடமும் இங்கேயே இருந்திருக்கிறதா? ஒரு குண்டுமணியில் நூறில் ஒரு பங்கு பொடிக்கு அந்தப் பக்கம்?

செவ்வாய்க்கிழமை உலை ஆறிய பிறகு குழாயை இழுத்தாள். வில்லையின் நடுவே ஒரு விரிசல்.

அவள் அதை ஜன்னலோரம் கொண்டு போனாள். வளையம் முழுசாக, குழியில்லாமல் இருந்தது. விரிசல் ஓரத்தைத் தொடவே இல்லை. நடுவில் பிறந்து, இரு பக்கமும் ஓடி, ஓரத்துக்கு முன்னால் நின்றிருந்தது. ஒரு முகம் காற்றையும் மறு முகம் ஆர்கானையும் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் இருந்த கல். ஒரு முகம் அதிகம் இழந்தது, மறு முகம் குறைவாக இழந்தது. ஆறும்போது இரண்டும் ஒன்றாகச் சுருங்க மறுத்திருக்கின்றன. இதுதான் விரிவினால் வரும் விரிசல். ஆறு வருடத்தில் அவள் முதன்முறையாகப் பார்த்த உண்மையான விரிசல். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"பாத்தியா? எக்ஸ்பான்ஷன்," என்றார் சுருளிவேல். "நான் அப்பவே சொன்னேன்ல."

அவர் அளவுகளைப் பார்த்து நிஜமாகவே மகிழ்ந்தார். டீ வாங்கி வரச் சொன்னார். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் அவள் அத்தியாயத்தைக் கொண்டு போய்க் கொடுத்தாள். இருபத்தேழாம் தேதி திருப்பிக் கொடுத்தபோது, வளையத்தைப் பற்றி அவள் எழுதியிருந்த இரண்டு பக்கங்களிலும் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு இருந்தது.

"இது வேணாம்மா. ஆசாரி, பொடி, காது வளையம்... எக்ஸாமினர் சிரிப்பாரு."

"அதனாலதான சார் ஆறும் உடைஞ்சுச்சு?"

"அப்படின்னு நீ சொல்ற. போன வருசப் பேப்பர் என்னாகுறது? ரெண்டு பேர் பேரும் இருக்குல்ல அதுல? ஆறு வில்லையும் எக்ஸ்பான்ஷனால ஒடஞ்சுச்சு, ஏழாவது பதமா சூடேத்துனதால நின்னுச்சுன்னு எழுதிரு. யாருக்கும் சேதமில்ல."

"ஏழாவதும் அதே வேகந்தான் சார்."

"மலர்விழி." குரல் உயரவில்லை. "இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

கையெழுத்துப் போட வேண்டிய பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது. மலர்விழி அந்தப் பேனாவையே பார்த்தாள். சண்டை போடலாம். போட்டால் நாலு நாள் நாற்பது நாளாகும். தலையை ஆட்டிவிட்டு அவர் சொன்னதை எழுதலாம். எழுதினால், இனி எங்கேயாவது ஒரு பெண் இந்தக் கல்லைக் கையில் எடுக்கும்போது, அரை டிகிரியில் ஏற்று, பொறுமை பத்தவில்லை என்று அவளுக்குச் சொல்லப்போகிறவள் மலர்விழியாக இருப்பாள்.

"அப்ப அந்த ஆறு வில்லையே வேணாம் சார்," என்றாள். "ஏழாவத மட்டும் எழுதுறேன். அளவு இருக்கு, கடைசியில வந்த விரிசல் இருக்கு. போதும்."

சுருளிவேல் யோசித்தார். அவர் முகம் தெளிந்தது. "அது இன்னும் நல்லாருக்கும். சுத்தமா இருக்கும்," என்றார்.

இரண்டு வருடம் ஒரு வார்த்தையில் போய்விட்டது. அவளே கொடுத்தாள். மாடிப்படித் திருப்பத்தில் நின்று, வாய்விட்டு அவரை ஒரு கெட்ட வார்த்தையால் திட்டினாள். அம்மா கேட்டால் செத்தே போயிருப்பாள். திட்டியும் ஆறவில்லை.

டைப் அடிக்கும் கடை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில். முகமது பாரூக் அண்ணன்தான் அவளுடைய ஏட்டை முதலிலிருந்து அடித்தவர். பக்கங்களை எடுத்ததும் கம்ப்யூட்டரில் எண்கள் எல்லாம் மேலே நகர்ந்தன.

"பதினெட்டுப் பக்கம் போயிருச்சேம்மா. கஷ்டப்பட்டு அடிச்சேன். போட்டோவும் வேணாமா?"

"வேணாம்ணே. செய்முறைப் பகுதிய மட்டும் ஒருக்கா எடுங்க. ஒரு வரி சேக்கணும்."

அவள் சொல்லச் சொல்ல, பாரூக் ஆங்கிலத்தில் அடித்தார். வில்லையை மூடும் வளையம் தூய தங்கத் தகட்டிலிருந்து ஒரே துண்டாக வெட்டப்பட்டது. அதில் எந்த இடத்திலும் பொடி வைத்து இணைக்கப்படவில்லை. இணைத்த வளையத்தைப் பயன்படுத்தக் கூடாது. சுருளிவேல் செய்முறைப் பகுதியைப் படிக்க மாட்டார். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. இதே வேலையைத் தானும் செய்து பார்க்க உட்கார்கிற ஒருத்தி மட்டும்தான் விரல் வைத்து வரி வரியாகப் படிப்பாள். ஏன் கூடாது என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"இந்த வரி தனியா நிக்குதேம்மா," என்றார் பாரூக். "மேல உள்ள பத்தியோட சேத்துரவா?"

"தனியாவே நிக்கட்டும்ணே. நீங்க பிரிண்ட் குடுங்க."

அச்சு இயந்திரம் முதல் தாளைக் கசக்கிக்கொண்டு நின்றது. பாரூக் வைதுகொண்டே மூடியைத் திறந்தார்.